நிஞ்சா உலகக் கதைக்கு ஒரு கலப்பு மிருகத்தை உருவாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிஞ்சா கதை எழுதவோ வரையவோ புதிதாக உட்காருபவர்கள் பெரும்பாலும் மிருகத்தை அதன் உடம்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். காளைத் தலை, ஆக்டோபஸ் கால், கழுகு இறக்கை, வால் எத்தனை, அப்புறம் ஒரு நீளமான சக்திப் பட்டியல். கொஞ்சப் பக்கங்கள் தாண்டியதும் அந்த மிருகம் பெரிய உருவமாக நிற்கிறது, கத்துகிறது, மலையை உடைக்கிறது, ஆனால் படிப்பவருக்கு அதன்மேல் பயமே வருவதில்லை.

இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் தடயம், பிறகு இடமும் நேரமும், பிறகு கேடு, அதற்கப்புறம்தான் உடம்பு. இந்த வரிசைக்கு ஆதாரம் ஜப்பானின் பழைய மிருகக் கதைகளில் ஒன்றான நுயே. ஹெய்கே என்ற பழைய ஜப்பானியப் போர்க் காப்பியத்தில் வரும் அந்தச் சின்னப் பகுதி இதே ஒழுங்கில்தான் நகர்கிறது. படிகளை விளக்க நுயேயையும், கூடவே நாமே உருவாக்கப்போகும் ஒரு புது மிருகத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நிஜ இடத்தின் வரைபடம். 'மர்மக் காடு' என்று பொதுவாக வைத்துக்கொண்டால் பின்னால் ஒவ்வொரு படியிலும் திணறுவீர்கள். நம் உதாரணத்துக்கு அகமே பள்ளத்தாக்கு. பழைய இகா நாட்டில், இன்றைய மியே மாநிலத்தின் நபாரி ஊர்ப் பக்கம், சுமார் 4 கிலோமீட்டருக்கு அருவி மேல் அருவியாக இருக்கும் இடம். இகா நிஞ்சாக்கள் அங்கே பயிற்சி எடுத்ததாகச் சொல்வார்கள்.

அந்த இடத்தில் நிஜமாக வாழும் மூன்று நான்கு உயிரினங்களின் பழக்கவழக்கங்கள். படங்கள் போதாது. எப்போது வெளியே வரும், எப்படி மூச்சுவிடும், மிரண்டால் என்ன செய்யும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு முழு மாலை போனாலும் பரவாயில்லை. ஆறாவது படியில் மிருகத்தின் பலவீனம் இந்தக் குறிப்புகளிலிருந்துதான் வரும்.

அப்புறம் காலம். நிஞ்சா என்றவுடன் எல்லாக் காலத்தையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். நுயே கதை நடப்பது 12-ஆம் நூற்றாண்டில். இகாவை ஓடா நோபுநாகா என்ற போர்த்தலைவர் படையெடுத்து அழித்தது 1581-இல். நிஞ்சாக் கலையைத் தொகுத்த பான்சென்ஷூக்காய் என்ற கைநூல் எழுதப்பட்டது 1676-இல், அதாவது போர்க்காலம் முடிந்து அமைதி வந்த பிறகு. உங்கள் உலகம் கற்பனையாகவே இருக்கட்டும், ஆனால் இந்த மூன்றில் எதன் வாசனை அதில் அடிக்க வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். துப்பாக்கி உண்டா, கோட்டை உண்டா, ஒற்றன் யாருக்கு வேலை செய்கிறான் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. நம் உதாரணம் 1581-க்குக் கொஞ்சம் முந்தைய இகா.

வரையும் செயலியை இன்னும் திறக்காதீர்கள்.

2. முதலில் தடயம்

மிருகம் பக்கத்தில் இருக்கிறது என்பது மனிதர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள். கண்ணால் பார்ப்பது என்ற பதில் இங்கே கூடாது.

நுயேயின் பலமே இதுதான். ராத்திரி அரண்மனைக் கூரைமேல் கருமேகம் வந்து கவிகிறது, சக்கரவர்த்தி நடுங்கிப் போகிறார், அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். அதன் குரல், நுயே என்றே பெயர் கொண்ட ஒரு இரவுப் பறவையின் குரல் போல இருந்ததாகக் கதை சொல்கிறது. அந்தப் பறவை தோராட்சுகுமி என்று நம்பப்படுகிறது. இருட்டுக் காட்டிலிருந்து 'ஹ்யூ… ஹ்யூ…' என்று மெல்லிய, நீண்ட ஒற்றை விசில் போலக் கூவும். ஒரு முறை பதிவைத் தேடிக் கேட்டுப் பாருங்கள், பறவை என்று தெரிந்தும் உடம்பு சிலிர்க்கும். கர்ஜனையைவிட இது ஏன் பயமாக இருக்கிறது என்றால், கர்ஜனை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு பெரிய மிருகம் என்பதைச் சொல்லிவிடும். இது எதையுமே சொல்வதில்லை.

நம் அகமே மிருகத்துக்கு அருவிச் சத்தம் ஒரு பிரச்சினை. அங்கே எந்தக் குரலும் எடுபடாது. அதனால் தடயத்தை நேர்மாறாக வைக்கலாம். ஜப்பானின் தெளிந்த மலை ஓடைகளில் கஜிக்கா என்றொரு தவளை உண்டு, கோடையின் தொடக்கத்தில் பறவை போல இனிமையாகப் பாடும். அந்தத் தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாட்டை நிறுத்துகின்றன. பிறகு காற்றில் சான்ஷோ மிளகின், அதாவது ஒரு ஜப்பானிய மசாலாவின், வாசம் வருகிறது. இவ்வளவுதான் தடயம்: ஒரு மௌனம், ஒரு வாசம்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, தடயத்தை ஒரே தடவை பயன்படுத்திவிட்டு மறப்பது. குறைந்தது மூன்று இடங்களில் வர வேண்டும். முதல் முறை வாசகர் கவனிக்க மாட்டார், இரண்டாவது முறை சந்தேகப்படுவார், மூன்றாவது முறை நீங்கள் மிருகத்தைக் காட்டவே தேவையில்லை.

3. இடமும் நேரமும்

ஹெய்கே கதையில் கருமேகம் எங்கிருந்தோ வருவதில்லை. தோசான்ஜோ காட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி அரண்மனைமேல் வருகிறது, அதுவும் எருதின் நாழிகையில், நம் கணக்கில் பின்னிரவு 2 மணி வாக்கில். வழி நிச்சயம், நேரம் நிச்சயம். அதனால்தான் ஒருவர் வில்லோடு காத்திருக்க முடிகிறது. எங்கும் எப்போதும் வரக்கூடிய மிருகத்துக்கு எதிராக யாராலும் திட்டம் போட முடியாது, திட்டம் இல்லாத நிஞ்சா கதை வெறும் அடிதடியாகிவிடும்.

கதைக்குள் மணி, நிமிடம் என்று எழுதாதீர்கள். எலி, எருது, புலி என்று மிருகப் பெயர் கொண்ட ஜப்பானிய நாழிகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நம் கணக்கில் சுமார் இரண்டு மணி நேரம். பகலில் பூனையின் கண்மணி எப்படிச் சுருங்கியிருக்கிறது என்று பார்த்து நேரம் சொல்லும் வழிகூட நிஞ்சாக் கைநூலில் உண்டு: விடியலிலும் அந்தியிலும் வட்டம், நண்பகலில் ஊசி. இப்படி ஒரு விவரம் நான்கு பக்க வர்ணனை செய்யும் வேலையைச் செய்துவிடும்.

நம் மிருகம் அருவிகளுக்கு நடுவே உள்ள ஒரு ஆழமான மடுவில், கஜிக்கா பாடும் மாதங்களில், நள்ளிரவுக்குப் பின் மட்டும் எழும்.

4. யாருக்கு என்ன கேடு

'ஊரை அழித்தது' என்பது கேடு இல்லை. யாருடைய எந்த வேலை இந்த மிருகத்தால் நின்றுபோகிறது என்று சொல்லுங்கள்.

நுயே ஒரு வீட்டைக்கூட இடிக்கவில்லை. பதின்ம வயதிலிருந்த கொனோயே சக்கரவர்த்தியை இரவுக்கு இரவு நோயில் தள்ளியது, பெரிய துறவிகள் செய்த சடங்குகளும் பலிக்கவில்லை. ஒரே ஒரு பையன்தான் பாதிக்கப்படுகிறான், ஆனால் அவன் நாட்டின் மையம்.

இகா உலகத்தில் மையம் எது? செய்தி. ஒற்றன் எதிரிக் கோட்டைக்குள் நுழைந்து பார்த்து, நினைவில் சுமந்துகொண்டு மலை தாண்டி வருகிறான். அவன் தலைக்குள் இருப்பதுதான் சொத்து. ஆகவே நம் மிருகத்தின் வாசம் பட்டவனுக்கு அன்றிரவு நடந்தது எதுவும் நினைவில் நிற்காது. அவன் உயிரோடு, காயமில்லாமல் வீடு திரும்புவான். எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று மட்டும் தெரியாது. முதலில் அவன் துரோகி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பாருங்கள், மிருகம் இன்னும் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை, அதற்குள் ஊரில் ஒருவர் கழுத்தில் கத்தி வைத்தாயிற்று.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கேடு சரியாக அமைந்துவிட்டால் கதை பாதி எழுதினது மாதிரி.

5. இப்போது உடம்பு

ஹெய்கே கதையின்படி நுயேக்குக் குரங்குத் தலை, தானுக்கி உடல், புலிக் கால்கள், பாம்பு வால். தானுக்கி என்பது நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்கு, பார்க்க மரநாயை நினைவூட்டும். இந்த நான்கையும் அந்தக் காலத்து ஜப்பானியர் கண்ணால் பாருங்கள். குரங்கு, தானுக்கி, பாம்பு மூன்றும் ஊருக்கு வெளியே தினமும் எதிர்ப்படுபவை. புலி மட்டும் அந்த நாட்டிலேயே கிடையாது, கடல் தாண்டி வந்த தோலிலும் படத்திலும்தான் அதைக் கண்டிருப்பார்கள். தெரிந்தவை மூன்று, கேள்விப்பட்டது ஒன்று. நான் பார்த்த வரையில் இந்த விகிதம் எங்கும் வேலை செய்கிறது. எல்லாம் தெரிந்த உறுப்புகளாக இருந்தால் மிருகம் வீட்டு விலங்காகத் தோன்றும், எல்லாம் தெரியாதவையாக இருந்தால் மனதில் உருவமே நிற்காது.

உறுப்புகள் மூன்று அல்லது நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் நேராக அது செய்யும் வேலையை எழுதுங்கள். வேலை இல்லாத உறுப்பை வெட்டிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நம் மிருகத்துக்கு உடல், ஜப்பானிய ராட்சத சாலமாண்டர், பல்லி போன்ற உருவமுள்ள ஒரு நீர்வாழ் உயிரினம். அகமே ஓடையிலேயே வாழ்கிறது, ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடியது, பகலெல்லாம் கரைப் பொந்தில் கிடந்து இரவில் வெளியே வரும். மிரண்டால் தோலில் பால் போன்ற ஒரு திரவம் சுரக்கும், அதில் சான்ஷோ மிளகின் வாசம் உண்டு. நம் தடயமும் கேடும் இங்கிருந்துதான் வந்தன, இப்போது உடம்போடு தாமாகவே பொருந்திவிட்டன. முன்கைகள் ஜப்பானியக் குரங்கின் கைகள், ஈரப் பாறையைப் பற்றி ஏற. தெரிந்தவை இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன், மூன்றாவதற்கு வேலை இல்லை. கேள்விப்பட்ட உறுப்பு, யானையின் துதிக்கை. 1408-இல் தெற்குக் கடலிலிருந்து வந்த கப்பல் ஒன்று ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளருக்குக் காணிக்கையாக ஒரு யானையை வாகாசாவின் ஒபாமா துறையில் இறக்கியது. ஆகவே இகா கிழவர் ஒருவர் 'பாட்டன் காலத்தில் கேட்டது' என்று துதிக்கையைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். அதன் வேலை: உடல் தண்ணீருக்குள் கிடக்க, துதிக்கை மட்டும் கரையில் நடப்பவரின் முகம்வரை நீளும்.

வரைபவர்களுக்கு, இணைப்பிடங்கள். பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது கழுத்திலும் தோளிலும்தான். தலையை வரைந்து, உடலை வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், முதலில் முதுகெலும்பை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரே வளைவாக இழுங்கள். அதன்மேல் விலா, தோள், இடுப்பு என்று பெட்டிகளாக வையுங்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். கடைசியாகத்தான் தோல். குரங்குக் கையின் ரோமம் திடீரென்று நிற்கக் கூடாது, தோளை நோக்கி அடர்த்தி குறைந்து, ஈரத்தில் ஒட்டி, பிறகு வழவழத்த தோலாக மாற வேண்டும். துதிக்கையின் சுருக்கங்களும் சாலமாண்டரின் பக்கவாட்டு மடிப்புகளும் ஒரே குடும்பத்துக் கோடுகளாகத் தெரிய வேண்டும். உத்தாகாவா குனியோஷி 1852-இல் கருமேகத்தோடு அரண்மனைக் கூரைக்கு மேல் நுயேயை அமைத்த அச்சோவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேகமும் உடம்பும் எங்கே கலக்கின்றன என்று பாருங்கள். எல்லா இணைப்பையும் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

6. எல்லை போடுங்கள்

சக்தி வாய்ந்த மிருகம் என்பதால் எல்லை வேண்டாம் என்று நினைக்கிறார்கள். எல்லை இல்லாவிட்டால் அந்தச் சக்தி எவ்வளவு என்றே வாசகருக்குத் தெரியாது.

பலவீனத்தை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள், மந்திர வாள், மறைந்த பரம்பரை ரத்தம் இதெல்லாம் கடைசி நேரக் கண்டுபிடிப்பாகவே தெரியும். முதல் படியில் எழுதிய குறிப்புகளுக்குத் திரும்புங்கள். வளர்ந்த சாலமாண்டருக்குச் செவுள் கிடையாது. பெரும்பாலும் தோல் வழியாகத்தான் மூச்சு, அந்தப் பக்கவாட்டு மடிப்புகள் அதற்காகத்தான். குளிர்ந்த, ஓடும் தண்ணீர் வேண்டும். கண் சிறியது, பார்வை மோசம். ஆகவே மேலே ஓடையைத் தடுத்து மடுவைத் தேங்கிய, வெதுவெதுப்பான குட்டையாக்கினால் மிருகம் திணறும். அசையாமல் நிற்பவனை அது கண்ணால் கண்டுபிடிக்காது.

மிருகத்தை ஒரு மனிதனுக்குள் அடைத்து முத்திரை போடும் வழியை நிறையப் பேர் விரும்புகிறார்கள். செய்யலாம். ரின், ப்யோ, தோ, ஷா, காய், ஜின், ரெட்சு, ஸாய், ஸென் என்ற ஒன்பது எழுத்து மந்திரம் சீனத் தாவோ மரபிலிருந்து மலைத்துறவிகள் வழியாக நிஞ்சாக் கைநூல்களுக்கு வந்தது, வேண்டுமானால் பயன்படுத்துங்கள். ஆனால் அடைபட்ட பிறகும் அதே எல்லை தொடர வேண்டும். நம் மிருகத்தைச் சுமப்பவன் வெயிலில் மூச்சுத் திணறுவான், அவன் பக்கத்தில் தூங்குபவர்கள் மறதியோடு எழுவார்கள். சக்தி மட்டும் ஒட்டிக்கொண்டு தொல்லை கழன்றுவிட்டால் அடைத்ததற்குப் பொருளே இல்லை.

7. வேட்டைக்காரர்

நுயே கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மினமோட்டோ நோ யோரிமாசா என்ற வில்வீரர் கவசம் இல்லாமல், வேட்டை உடையில், இ நோ ஹாயாட்டா என்ற ஒரே ஒரு வீரனோடு வருகிறார். இரண்டே அம்புகள். முதல் அம்பு மிருகத்துக்கு. அது தவறினால் இரண்டாவது அம்பு, தன்னை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்த அதிகாரியின் கழுத்துக்கு. தவறினால் தானும் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று தீர்மானித்துத்தான் நிற்கிறார். மிருகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அது எவ்வளவு பயங்கரமானது என்று அந்த இரண்டாவது அம்பு சொல்லிவிடுகிறது. உங்கள் வேட்டைக்காரர் தோற்றால் என்ன இழப்பார் என்பதை இப்படி ஒரு பொருளில் வையுங்கள், வசனத்தில் வைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், தந்திரம். பல வருடம் கழித்து யோரிமாசா மறுபடியும் அழைக்கப்படுகிறார், இம்முறை இருட்டில் ஒரே ஒரு தடவை கூவிவிட்டு அடங்கிய பறவை. எங்கே என்று தெரியாது. முதலில் பெரிதாக விசிலடிக்கும் அம்பை விடுகிறார், மிரண்டு அது குரல் கொடுக்கிறது, அந்தத் திசையில் இரண்டாவது அம்பு. தடயத்தையே ஆயுதமாக்குவது இதுதான். இரண்டாவது படியில் நீங்கள் விதைத்தது இங்கே அறுவடைக்கு வர வேண்டும்.

அகமேயில் எப்படி? வேட்டைக்காரிக்கு நினைவு தங்காது என்று முன்பே தெரியும். நிஞ்சாக்கள் பாதையில் அடையாளம் விட ஐந்து நிறச் சாயமேற்றிய அரிசியைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். அவள் நிறத்துக்கு ஒரு பொருள் வைத்து, மடுவுக்குப் போகும் வழியெல்லாம் தனக்கே செய்தி எழுதிக்கொண்டு போகிறாள். மறந்த பிறகு திரும்பி வருகிறவள் அந்த அரிசியைப் படித்து, மடு எங்கே, எத்தனை அடி தூரத்தில் தவளைகள் நின்றன என்று தெரிந்துகொள்கிறாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே. போர் என்று ஒன்று நடக்கும் முன்பே கதை இறுகிவிடும்.

8. காட்டும் வரிசை

ஹெய்கே கதையில் மிருகம் விழுந்து, ஹாயாட்டா ஒன்பது முறை குத்திய பிறகுதான் தீவட்டிகள் வருகின்றன, அப்போதுதான் தலை, உடல், வால், கால் என்று நாம் பார்க்கிறோம். அதுவரை மேகத்துக்குள் ஏதோ ஒரு வடிவம்.

பேனல் பிரிக்கும்போது இதை அப்படியே பின்பற்றுங்கள். தடயம், பின்விளைவு, ஒரு உறுப்பு, இன்னொரு உறுப்பு, எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு முறை முழுப் பக்கம். இரண்டாவது முழுப் பக்கம் போடத் தோன்றும், வேண்டாம், முதல் படத்தின் பலம் போய்விடும். பெயரையும் அதுவரை யாரும் சொல்ல வேண்டாம். ஊரார் 'மடுவில் இருப்பது' என்றே பேசட்டும்.

9. மிருகம் விழுந்த பிறகு

பலர் சண்டை முடிந்ததும் 'முற்றும்' போடுகிறார்கள். செத்த மிருகத்தை என்ன செய்தார்கள்? நுயேயை உள்ளே குடைந்த படகில் அடைத்து ஆற்றோடு அனுப்பினார்கள். அது கரை ஒதுங்கியதாகச் சொல்லப்படும் ஆஷியாவிலும், ஒசாகாவின் மியாகோஜிமாவிலும் நுயே மேடுகள் இன்றும் இருக்கின்றன. யோரிமாசாவுக்கு ஷிஷியோ என்ற வாள் பரிசாகக் கிடைத்தது. நோ என்ற ஜப்பானிய மரபு முகமூடி நாடகமோ இன்னும் ஒரு படி போய், படகில் அடைபட்ட நுயேயின் ஆவியையே மேடையேற்றி அதன் துக்கத்தைப் பேச வைத்தது.

ஆகவே மூன்று கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும். உடல் எங்கே போனது? யாருக்கு என்ன கிடைத்தது? மிருகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை என்ன? மூன்றாவதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள், கேடு இன்னும் சரியாக அமையவில்லை என்று பொருள்.

அகமேயைப் பொறுத்தவரை ஓடையைத் தடுத்த அணையை யாரோ திறந்தாக வேண்டும், கீழே வயல்கள் காய்கின்றன. திறந்தால் உடல் மிதந்து நபாரி ஆற்றில் இறங்கும். அதைக் கரையில் காண்பவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. அடுத்த அத்தியாயத்தை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.